நுங்குக்குள் மணல்

சாயங்காலம் மெஷின் நின்றதும் ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். திருவக்கரைக்குப் போகிற சாலையில், பாறையை உடைத்து ஜல்லியாக்குகிற அந்தக் கல்மெஷினில் அது கூலியோடு சேர்ந்த வழக்கம். மேஸ்திரி சின்னதுரை சாக்கைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். பாறையில் துளை போடுகிறவர்களுக்குப் பெரிய துண்டு, ஜல்லி வாருகிற பெண்களுக்குச் சின்னது. நெஞ்சில் ஒட்டியிருக்கிற தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும், மறுநாள் காலையில் அது தானாக வெளியேறிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். மேஸ்திரியும் நம்பினார். மிச்சத்தில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டுதான் அவரும் சைக்கிளை எடுப்பார்.

துளை மெஷின் பிடிக்கிற சவுரிராயன் தன் துண்டில் பாதியைத்தான் தின்பான். மீதியைத் தலைத்துண்டின் முனையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருவான். வாசலில் மகள் நின்றுகொண்டிருப்பாள். அமலோற்பவம் என்று கோயிலில் பேர் வைத்து, வீட்டில் அமலி என்று கூப்பிட்டார்கள். உடம்பு முழுக்கக் கல்மாவு பூத்து, கண்ணிமை மயிர்கூட வெளுத்து அவன் வந்து நிற்பதைப் பார்த்ததும், "தாத்தா வந்துட்டாரு" என்று உள்ளே தகவல் சொல்வாள். அவனும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிழவனைப் போலக் குனிந்து, கடித்த பாதி வெல்லத்தை அவள் வாயில் வைப்பான். லூர்துமேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். அவனுக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

முதலில் வந்த இருமலை யாரும் இருமலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மெஷினில் இருமாதவன் யார்? பிறகு பாறைமேட்டில் ஏறும்போது நடுவில் உட்கார ஆரம்பித்தான். சட்டை தொளதொளவென்று ஆனது. இந்திரா காந்தி செத்த அந்த ஐப்பசியில், மழை விட்ட ஒரு நாள், லூர்துமேரி அவனைத் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருந்தார். படம் எடுத்து வரச் சொல்லி, அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நெஞ்சின் இரண்டு பக்கமும் ரவையை வாரி இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

டி.பி. என்றார். சளியைச் சோதிக்கவில்லை. என்ன வேலை என்றும் கேட்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பக்கத்தில் இப்படி இளைத்து இருமிக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது டி.பி.யாகத்தான் இருந்தது. ஊசியும் மாத்திரையும் எழுதினார். கடைசியில், வீட்டில் சின்னக் குழந்தை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும், தள்ளி வையுங்கள், இருமுகிற காற்றிலேயே ஒட்டும், தட்டு டம்ளர் பாய் எல்லாம் தனியாக இருக்கட்டும் என்றார்.

லூர்துமேரி அதைக் காதில் வாங்கினாள். சவுரிராயனோ அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் திரும்பும்போது, மடியில் ஏற வந்த அமலியை அம்மா பக்கம் தள்ளிவிட்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு ஜன்னலோரம் ஒடுங்கினான். வீட்டுக்கு வந்ததும் உட்காரவில்லை. வேப்பமரத்தடியில் நாலு கழி நட்டு, பனையோலை வேய்ந்து, கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டான். இரண்டு ஈயத்தட்டுகளில் ஒன்றை எடுத்து, அதன் விளிம்பில் உளியால் சிலுவை மாதிரி ஒரு வெட்டுப் போட்டான். தொட்டால் விரலில் உறுத்துகிற வெட்டு. இருட்டில் எடுத்தாலும் தட்டு மாறிவிடக்கூடாது என்றான்.

பிறகு கடப்பாரை முனையால் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் தரையில் ஒரு கோடு இழுத்தான்.

அமலிக்கு அது விளையாட்டு என்று சொன்னான். கோட்டுக்கு அந்தாண்டதான் அவள் நிற்கணும், உள்ளே கால் வைத்தால் அவுட். ஒரு நாள் முழுக்க அவுட் ஆகாமல் இருந்தால், தூர இருந்தே கை தட்டிப் பாராட்டினான். மழை பெய்து கோடு அழிந்தால் அவளே ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி, பழைய இடத்தைக் கண்டுபிடித்துத் திரும்பப் போடுவாள். கோணல் இல்லாமல் போட்டாள் என்று அவன் சொல்ல வேண்டும். சொல்வான். சொல்லிவிட்டு முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொள்வான்.

ஊசி போட்டுக்கொண்டே வேலைக்கும் போனான். போகாமல் எப்படி? வெல்லத்தின் மறுபாதியை இப்போது கூரைமேல் அணிலுக்கு எறிந்தான். ஒரு நாள் எறிந்தது ஓலையில் தட்டிக் கோட்டருகில் வந்து விழுந்தது. அமலி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கட்டிலில் கிடந்தவன் எப்படி அவ்வளவு வேகமாக எழுந்தான் என்று லூர்துமேரிக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளையின் தாடையை அமுக்கி, விரலை உள்ளே விட்டுத் தோண்டி எடுத்து, உப்புத்தண்ணீரை வாயில் ஊற்றி ஊற்றித் துப்பச் சொன்னான். அவள் வாந்தி எடுத்து ஓய்ந்ததும், அவளை அங்கேயே விட்டுவிட்டுக் கோட்டுக்கு உள்ளே போய், தரையில் குந்தி இருமினான். இருமல் நின்ற பிறகும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு, அழிந்த கோட்டைத் திரும்பப் போடுவதற்குத் தவிர, அமலி அதன் அருகில்கூடப் போகவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஊசியும் மாத்திரையும் நடந்தன. உடம்பில் ஒட்ட ஒரு பிடி சதை வரவில்லை. அவனோடு துளை போட்டுக்கொண்டிருந்த பச்சைமுத்து அதே இருமலில் போய்ச் சேர்ந்தான். அவன் பெண்சாதி குப்பம்மாள்தான், துக்கம் விசாரிக்கப் போன லூர்துமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, இவனையாவது விழுப்புரத்துக்குக் கொண்டுபோ என்றாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் அரங்கநாதன் என்று ஒரு டாக்டர் புதிதாக வந்திருக்கிறார், கத்தாமல் பேசுகிறார் என்றாள்.

மயிலம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து கூட்டேரிப்பட்டு, அங்கே நின்று விழுப்புரம் வண்டி. காலைச் சளியைப் பல தடவை டப்பாவில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். கடைசித் தடவை போனபோது சவுரிராயன் உள்ளே வரவில்லை. கூட்டம் உள்ள அறைக்குள் அவன் நுழைவதை எப்போதோ விட்டிருந்தான். வெளியே புளியமரத்தடியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சளியில் டி.பி. கிருமி எந்தத் தடவையும் இல்லை என்றார் அரங்கநாதன். பிறகு, அவன் என்ன வேலை செய்கிறான், எத்தனை காலமாக என்று விசாரித்தார். கல்லில் துளை போடுகிறவன் என்று லூர்துமேரி சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"கிருமி இல்லன்னா, அந்தப் புள்ளிங்க இன்னா சார்?"

அவர் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், பூதக்கண்ணாடி மெஷினுக்கு அடியில் அவன் சளியை வைத்து, மேலே ஒரு கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். முதலில் அவளுடைய இமை மயிர்தான் தெரிந்தது. அவர் எதையோ திருகினார். அப்போது தெரிந்தது. வெளிறிய நீலத்தில் உருண்டை உருண்டையாக, நுங்கு மாதிரி. ஒவ்வொரு நுங்குக்குள்ளும் பொடிப்பொடியாகக் கறுப்பு. நுங்குக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்ட மாதிரி.

அவர் சொன்னதை அவள் ஒரு சொல் விடாமல் மனதில் வைத்துக்கொண்டாள். திண்டிவனத்தில் கன்னியாஸ்திரிகளிடம் எட்டாவது வரைக்கும் படித்தவள். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லும் பழக்கம் அங்கே வந்தது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். தெரியாத தூசிதான் நெஞ்சின் அடி வரைக்கும் போகும். அங்கே இந்த உருண்டை அணுக்கள் காவலுக்கு இருக்கின்றன. வெளியிலிருந்து எது வந்தாலும் சுற்றி வளைத்து விழுங்கிவிடும். கிருமியாக இருந்தால் விழுங்கிக் கரைத்துவிடும். கல் கரையாது. விழுங்கிய கல் அணுவின் வயிற்றுப் பையை ஓட்டையாக்கும். கரைக்கிறதற்காக அது வைத்திருந்த திராவகம் வெளியே கசிந்து, அதையே கொன்றுவிடும். செத்த அணுவிலிருந்து அதே கல் வெளியே விழும். அடுத்த அணு வந்து அதை விழுங்கும். செத்த இடமெல்லாம் தழும்பு. தழும்பு கட்டிக் கட்டி, காற்று போக இடமில்லாமல் போகும்.

அதைக் கரைக்க மருந்து உண்டா என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார். தூசிக்குப் போகாமல் இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போகலாம், அதுவும் இந்த நிலைமையில் அதிகம் சொல்ல முடியாது என்றார்.

லூர்துமேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, அவள் வந்ததே இதைக் கேட்கத்தான் என்பதுபோல், கேட்டாள்.

"இது புள்ளைக்கு ஒட்டுமா சார்?"

"ஒட்டாதும்மா."

"ஒரே தட்டுல துன்னா?"

"ஒட்டாது. கல்லு எப்பிடிம்மா ஒட்டும்? அவரு குழந்தையத் தூக்கலாம், கொஞ்சலாம், பக்கத்துல படுக்க வச்சுக்கலாம். யாரு அவரத் தள்ளி வச்சது?"

யாரும் வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார் என்று அவள் சொன்னாள். சொல்லும்போதுதான் அழுகை வந்தது. எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிழைக்க மாட்டான் என்பதற்கா, இத்தனை நாளும் வீணாய்ப் போனதற்கா?

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடை பெஞ்சில் வைத்து அவனிடம் சொன்னாள். அவன் எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகிற டம்ளரை நீட்டி, அதில்தான் டீயை வாங்கியிருந்தான். கேட்டு முடித்ததும் டீயில் ஆடிக்கொண்டிருந்த ஆடையை ஊதி ஒதுக்கினான்.

"மருந்து இல்லன்னு சொன்னாரா?"

"ம்."

"அது நெசம். இன்னொண்ணு ஒனக்காவ சொன்னது மேரி. சாவப்போறவன், புள்ளயத் தூக்கிட்டுப் போவட்டும்னு பாவம் பாத்துச் சொல்லியிருக்காரு. நல்ல மனுசன்."

அவள் எவ்வளவோ சொன்னாள். நுங்கு, மணல், தன் கண்ணால் பார்த்தது எல்லாம். அவன் சண்டைக்கு வரவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வண்டி வந்ததும் கடைசி சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்தான்.

வேலைக்குப் போவது நின்றது. இனிப் போகவும் முடியாது. கோடு மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாள் அவன் தின்று மீந்த சோற்றை, அவன் பார்க்கும்படி லூர்துமேரி அதே தட்டில் பிசைந்து வாயில் வைக்கப் போனாள். அவன் கையை நீட்டித் தண்ணீர்ச் செம்பைத் தட்டில் கவிழ்த்துவிட்டான். புள்ளைக்கு ஒருத்தியாவது மிஞ்ச வேணாமா என்று மட்டும் கேட்டான்.

தை கடைசியில் குப்பம்மாள் முறத்தில் கொஞ்சம் மல்லாட்டையும் இரண்டு கேப்பை அடையும் எடுத்துக்கொண்டு வந்தாள். புருஷன் போன பிறகும் அவள் அதே மெஷினில் ஜல்லி வாரிக்கொண்டிருந்தாள். தரையில் கிடந்த கோட்டைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, கோட்ட கட்டி ராஜா மாரி உக்காந்துகினு கீற. உள்ள வர்றதுக்கு டிக்கெட்டு வாங்கணுமா?"

பதில் வருவதற்குள் கோட்டைத் தாண்டிப் போய்க் கட்டில் காலடியில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலையை எடுக்க ஆரம்பித்துவிட்டாள். சவுரிராயன் துண்டை வாயோடு அழுத்திக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒனக்கு இருமல் கீதா?"

"எனக்கு இன்னா கேடு? தூசில நின்னா வரும். ஊட்டுக்கு வந்தா போயிடும்."

"பச்சமுத்து தட்டுல நீ துன்னுருக்கியா?"

"பின்ன? எங்க ஊட்ல தட்டுன்னு இருந்ததே ஒண்ணு. அவரு துன்னு வச்சா நான், நான் வச்சா பசங்க. கடைசி மாசத்துல அவரு எச்சியக் கையாலதான் வாரிப் போட்டேன். தனித்தட்டு வாங்க வக்கில்ல எங்களுக்கு. அதான் ஒன்ன மாரி தொரைத்தனமா சாவ முடியல அந்த மனுசனால."

அவள் அதைக் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் சிரிக்கவில்லை. குப்பம்மாளின் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்டான். எல்லாம் ஓடியாடிக்கொண்டு நன்றாக இருந்தன. அவள் போன பிறகு, அந்த மெஷினில் துளை போட்டு இருமிச் செத்தவர்கள் ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்லி, அவர்களுடைய பெண்சாதிகளை நினைத்துப் பார்த்தான். ஒருத்தியும் சாகவில்லை. எல்லோரும் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

"மேரி, இங்க வா. அந்தக் கண்ணாடில பாத்தத இன்னொரு வாட்டி சொல்லு."

அவள் சொன்னாள். இந்தத் தடவை குறுக்கே குறுக்கே கேட்டுக்கொண்டான். விழுங்குகிறதுக்கு அது கல் என்று தெரியாதா? தெரியாது. தெரிந்தாலும் விழுங்கத்தான் வேண்டும், அதற்கு வேறு வேலை தெரியாது. செத்தால் அதே கல்லை அடுத்தவன் எடுத்துக்கொள்வானா? எடுத்துக்கொள்வான்.

"எங்க மெஷின் மாரிதான் கீது," என்றான். பிறகு, "வெல்லம்?"

"வெல்லம் வயித்துக்குப் போவுது. கல்லு இருக்கறது நெஞ்சுல. ரெண்டுக்கும் வழியே வேற."

சவுரிராயன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, திரும்பச் சிரிப்பாக வந்தது. "அடப்பாவி சின்னதொர. எத்தினி மூட்ட வெல்லம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, திருவக்கரையில் மரம் கல்லாகிக் கிடக்கிறதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்களே, இனி இங்கேயும் ஒரு டிக்கெட் போடலாம் என்றான். லூர்துமேரியால் சிரிக்க முடியவில்லை. அவன் இப்போது நம்புகிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. நம்பிவிட்டதால், ஒட்டாது என்பதோடு மருந்து இல்லை என்பதும் சேர்ந்தே உறுதியானது.

அவன் கோட்டுக்கு அப்பால் பார்த்தான். அமலி வாசற்படியில் புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தாள்.

"அமலி. அப்பாகிட்ட வா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். எழுந்து, மூலையிலிருந்து தன் குச்சியை எடுத்துக்கொண்டு வந்து, குப்பம்மாள் மிதித்து அழித்திருந்த இடத்தில் கோட்டைச் சரிசெய்தாள். செய்துவிட்டு, பாராட்டுக்காக நின்றாள்.

லூர்துமேரி அவளைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் மடியில் வைக்கத்தான் பார்த்தாள். பிள்ளை வீறிட்டது. அவுட், அவுட் என்று கத்தி, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டது. விட்டுடு என்று அவன் கையைக் காட்டினான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில், தூர இருந்தே, கோட்டை ஒரு சாண் இந்தாண்ட போட்டுக் காட்டு பார்க்கலாம் என்றான். கோடு போடுவதென்றால் அமலிக்குப் பிடிக்கும். போட்டாள். கை தட்டினான். அடுத்த நாள் இன்னும் ஒரு சாண். சில நாள் அவள் வரவில்லை, விளையாட்டில் மறந்துபோனாள். சில நாள் அவனுக்கு வாய் திறக்க மூச்சு இல்லை. கோடு தள்ளித் தள்ளிக் கட்டிலை நோக்கி வந்துகொண்டிருந்தது. எது முந்தும் என்று லூர்துமேரி வெளியே சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவக்காலம் தொடங்கியிருந்தது. மேஸ்திரி சின்னதுரை பார்க்க வந்தார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று கொஞ்ச நேரம் இருமிவிட்டுத்தான் பேச முடிந்தது. இடுப்பிலிருந்து ஒரு பொட்டலம் வெல்லம் எடுத்துக் கொடுத்து, விடாம சாப்புடு சவுரி, நெஞ்சு க்ளீன் ஆயிடும் என்றார். சவுரிராயன் லூர்துமேரியைப் பார்த்தான். அவரிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். சரிங்க மேஸ்திரி என்று வாங்கிக்கொண்டான்.

அவர் போனதும் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை எடுத்தான். கடிக்கப் பலமில்லாமல், பல்லில் வைத்து மெதுவாக உடைத்தான். பாதியை உள்ளே ஒதுக்கிக்கொண்டு, மறுபாதியை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். கோடு அப்போது கட்டில் காலுக்கு ஒரு முழத்தில் இருந்தது. அமலி கோட்டின் விளிம்பில் கால்விரலை வைத்து நின்று, வெல்லத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தோண்ட மாட்டியே?" என்றாள்.

இல்லை என்று தலையை ஆட்டினான். அவள் காலைத் தாண்டி வைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே உடம்பை முன்னால் சாய்த்து, குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தாள். அவன் கட்டிலில் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, கையை நீட்டி அதில் வைத்தான். விரல் அவள் உதட்டில் பட்டது. அவள் துப்பவில்லை. மென்றுகொண்டே அங்கேயே நின்றாள்.

அந்த வாரத்திலேயே, உச்சிவெயிலில், லூர்துமேரி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றுவிட்டது. கோடு மீதி ஒரு முழத்தைக் கடக்கவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பிய சாயங்காலம் வாசல் நிறைய ஆட்கள். பெண்கள் பெருக்கி, சாணி தெளித்திருந்தார்கள். கோடு அதிலேயே போய்விட்டிருந்தது. அவனுடைய அக்கா அந்தோணியம்மாள், பாய், துண்டு, தட்டு எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் குவித்து வைத்திருந்தாள். சின்னப் புள்ள இருக்கிற ஊடு, அந்த நோய்க்காரன் சாமான் ஒன்றுகூட இருக்கக்கூடாது, ஜல்தியா கொளுத்துங்க என்று யாரிடமோ மண்ணெண்ணெய் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தம்பிமேல் பாசம் இல்லாமல் இல்லை.

லூர்துமேரி எழுந்துபோய்க் குவியலிலிருந்து தட்டை எடுத்தாள். தொட்டியில் கழுவினாள். ஊரார் கொண்டுவந்திருந்த சோற்றில் ஒரு கரண்டி போட்டு, குழம்பு ஊற்றி, எல்லோருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். அமலியை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"இன்னா பண்ற நீ? பைத்தியமா ஒனக்கு?" என்றாள் அந்தோணியம்மாள்.

"அவருக்கு ஒட்டுற நோய் இல்ல அண்ணி. கல்லு."

யாருக்கும் அது விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல அவளுக்கு அப்போது தெம்பும் இல்லை. சோற்றைப் பிசைந்து ஒரு வாய் தான் உண்டாள். அடுத்த வாயைப் பிள்ளைக்கு ஊட்டினாள். சுற்றியிருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். குப்பம்மாள் மட்டும் தள்ளி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து வந்து, பக்கத்தில் குந்தி, அதே தட்டில் கை வைத்தாள்.

அமலி சாப்பிட்டுக்கொண்டே விளிம்பைத் தடவி, உளி வெட்டைக் கண்டுபிடித்து, அதன்மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டாள். சோறு தீர்கிற வரைக்கும் எடுக்கவில்லை.